எந்தக் கை முதலில்?

வேலை போன நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நர்சிங் அசிஸ்டெண்ட் வகுப்பில், நான் ஒரு ரப்பர் பொம்மையின் பல் செட்டைத் துலக்கிக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினில் முதலில் ஒரு துண்டை விரித்து, கொஞ்சம் தண்ணீர் பிடித்துவிட்டு, அதற்கு மேலே வைத்துத்தான் துலக்க வேண்டும். கை தவறினாலும் செட் உடையக் கூடாது அல்லவா. நான் துண்டை விரிக்க மறந்துவிட்டேன். பின்னால் நின்ற ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த தாளில் ஒரு கோடு மட்டும் போட்டார். இருபத்தாறு வருடம் மென்பொருள் எழுதி எத்தனையோ அப்ரைசல் பார்த்தவன் நான். அந்தக் கோடு சுட்ட அளவுக்கு எதுவும் சுட்டதில்லை.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சியாட்டில் பக்கத்தில் வீடு. 2023 ஜனவரியில் இந்த ஊரையே கலக்கிய ஆட்குறைப்பில் என் பெயரும் இருந்தது. விடிகாலையில் ஒரு மெயில், ஏழு மணிக்கு லேப்டாப் திறக்கவில்லை. வயது ஐம்பத்தொன்று. குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டதால் விசா கவலை இல்லை. மனைவிக்கு வேலை இருந்தது, காப்பீட்டை அவள் பக்கம் மாற்றிக்கொண்டோம். ஆனாலும் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மார்ச் வரை நேர்காணல், நிராகரிப்பு, மறுபடி நேர்காணல்.

மகள் அப்போது பதினோராம் வகுப்பு. வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்று ஒன்று உண்டு. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் போய்க் கல்லூரிப் பாடம் படிக்கலாம், கல்விக் கட்டணம் கிடையாது. அவளை வண்டியில் கொண்டுபோய் விடுவது என் டியூட்டி ஆனது. விட்டுவிட்டு, வீட்டுக்கு வரப் பிடிக்காமல் அங்கேயே கேன்டீனில் காபி வாங்கிக்கொண்டு உட்காருவேன். அந்தக் கேன்டீன் சுவரில்தான் நோட்டீஸைப் பார்த்தேன். நர்சிங் அசிஸ்டெண்ட் சான்றிதழ், ஒரே க்வார்ட்டர் (பதினோரு வாரப் பருவம்), வசந்தகால வகுப்பில் சில இடங்கள் மிச்சம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரியின் முதல் இரண்டு வருடம், ஒரு டுடோரியல், நான்கையும் ஒரே காம்பவுண்டுக்குள் போட்டு, நுழைவுத் தேர்வே இல்லாமல் கேட்டைத் திறந்து வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் ஆறே மாணவர்களுடன் தொடங்கியதைத்தான் இந்த வகையில் முதல் அரசுக் கல்லூரி என்கிறார்கள். அப்போது அதற்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பி வந்தபோது அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் 1947இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானது. வாஷிங்டனில் மட்டும் இப்படி 34 இருக்கின்றன. நான் போன கல்லூரியில் ஒரே தாழ்வாரத்தில் ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், எதிர்ப்பக்கம் பல் சுத்தம் செய்யும் படிப்பின் நாற்காலிகள் வரிசையாக நிற்கும்.

நம் ஆட்களுக்கு இந்தக் கல்லூரிகள் மேல் ஒரு இளக்காரம் உண்டு. யார் வீட்டுப் பிள்ளையாவது அங்கே சேர்ந்தால் "ஏன், யூடப் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். யூடப் என்றால் வாஷிங்டன் பல்கலைக்கழகம். பிள்ளைக்கே அப்படியென்றால் அப்பாவுக்கு? நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் நேராகவே கேட்டுவிட்டார்: "வார்டு பாய் வேலைக்கெல்லாமா கோர்ஸு இருக்கு?" சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கும் அதே சந்தேகம்தான். ஆளைத் தூக்கி உட்கார வைப்பதற்கும் துடைத்துவிடுவதற்கும் பதினோரு வாரமா?

சேர்வதற்கே ஏகப்பட்ட காகிதம். போலீஸ் சரிபார்ப்பு, ஹெபடைட்டிஸ் பி ஊசி, காசநோய்ப் பரிசோதனை. கடைசியில் சொன்னதில்தான் நான் மாட்டினேன். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. குழந்தையாக இருக்கும்போது போட்ட பி.சி.ஜி. ஊசி இந்தச் சோதனையைக் குழப்பிவிடும். என் இடது தோளில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். அந்த நர்ஸ் இளம்பெண், பி.சி.ஜி. போடாத நாட்டில் வளர்ந்தவள். அப்படி ஒன்றை நேரில் பார்ப்பது முதல்முறை என்று சொல்லி, அனுமதி கேட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, எல்லாம் சரி. இந்தியாவில் பிறந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் தோல் சோதனை வேண்டாம், ரத்தச் சோதனையாக எடுத்துவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பில் பதினாறு பேர். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரன் பேத்தி எடுத்தவர். உக்ரைனில் பல் மருத்துவராக இருந்து, இங்கே அந்தப் பட்டம் செல்லாமல் முதலிலிருந்து தொடங்கும் ஒரு அம்மா. மகள் வயதில் நான்கைந்து பேர். ஆண் என்று பார்த்தால் நானும் இன்னொரு பையனும். பாட்டியைப் போன்றவர்களுக்காக எங்கள் வகுப்பில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருவர் நர்ஸ், மற்றவர் ஆங்கிலம் சொல்லித் தருபவர். ஐ-பெஸ்ட் என்று இந்த மாநிலத்தில் 2004 வாக்கில் தொடங்கிய முறை. 'முதலில் இரண்டு வருடம் ஆங்கிலம் படி, அப்புறம் தொழில் படி' என்று சொன்னால் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் இரண்டையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நர்ஸ் ஆசிரியை பேசிக்கொண்டே போவார், மற்றவர் கையைத் தூக்கி நிறுத்தி, "இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம்?" என்பார்.

எனக்கு அதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே ஒரு சொல் காலை வாரிவிட்டது. "ரெசிடெண்ட் (இல்லத்தில் வசிப்பவர்) கடைசியாக எப்போது வாய்ட் செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் நர்ஸ் ஆசிரியை. வாய்ட்! இருபத்தாறு வருடம் நாள் தவறாமல் நான் தட்டிய சொல். எங்கள் மென்பொருள் உலகில் அதற்கு 'எதையும் திருப்பித் தராத நிரல்' என்று பொருள். இங்கே சிறுநீர் கழிப்பது என்று பொருளாம். நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். காரணம் கேட்டார்கள், விளக்கினேன், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சொற்களில் அவர்கள் காட்டிய கறார் முதலில் எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது. டயப்பர் என்று சொல்லக் கூடாது, அது குழந்தைக்கு. பெரியவர்களுக்கு அது 'ப்ரீஃப்', ஒரு உள்ளாடை, அவ்வளவுதான். சாப்பிடும்போது கழுத்தில் கட்டுவதை பிப் என்று சொல்லக் கூடாது, 'துணிக் காப்பு'. பேஷண்ட் கிடையாது, ரெசிடெண்ட். அவர்கள் நம் மருத்துவமனையில் படுத்திருக்கவில்லை, அவர்கள் வீட்டுக்குள் நாம் வந்திருக்கிறோம் என்பார் ஆசிரியை. அதனால் கதவு திறந்தே இருந்தாலும் தட்ட வேண்டும். பொம்மையாக இருந்தாலும் தட்ட வேண்டும். தட்டி, பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி, சரியா என்று கேட்டு, திரையை இழுத்துவிட்ட பிறகுதான் தொட வேண்டும். ஐம்பத்தொரு வயதில் ஒரு ரப்பர் பொம்மையிடம் "உள்ளே வரலாமா?" என்று நாளுக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கை கழுவுவதற்கே ஒரு முழுக் காலை போனது. நுரையோடு இருபது விநாடி தேய்க்க வேண்டும். விரல்நுனி முழங்கையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். உடம்போ கையோ வாஷ்பேசின் விளிம்பில் பட்டால் முதலிலிருந்து மறுபடி. துடைத்த காகிதத்தைப் போட்டுவிட்டு இன்னொரு காகிதத்தால்தான் குழாயை மூட வேண்டும். நாடி பார்ப்பது முழு ஒரு நிமிடம், நான் சொல்லும் எண்ணுக்கும் ஆசிரியை எண்ணியதற்கும் நான்குக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. சக்கர நாற்காலியில் பிரேக் போடாமல் ஆளை நகர்த்தினால் அந்த இடத்திலேயே தோல்வி. வேலையை முடித்துக் கிளம்பும்போது கட்டிலை இறக்கி, அழைப்பு மணியை அவர்கள் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். இதை நான் மூன்று முறை மறந்தேன். "நீங்கள் போன பிறகு அவருக்கு இருக்கும் ஒரே குரல் அதுதான்" என்றார் ஆசிரியை. நான்காவது முறை மறக்கவில்லை.

பக்கத்து அறை ரத்தம் எடுக்கும் படிப்பு. அவர்களுக்குக் கை கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது நானே போய் உட்கார்ந்தேன், சும்மா வேடிக்கை பார்க்கலாமே என்று. என் கையில் ஊசி குத்திய பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவள் கையைவிட என் கை அதிகம் நடுங்கியது. மூடி நிறத்தைப் பார்த்து ஒரு வரிசையில்தான் குழாய்களை நிரப்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இளநீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பொட்டாசியம் கலந்த மருந்து இருக்கும். அதை முன்னால் எடுத்துவிட்டால், ஊசி வழியாக ஒரு துளி அடுத்த குழாய்க்குப் போய், நல்ல மனிதனுக்குக்கூடப் பொட்டாசியம் எகிறிவிட்டதாக ரிப்போர்ட் வரும். இத்தனை வருடம் லேபில் கையை நீட்டியிருக்கிறேன், அந்த நிறங்களை ஒரு நாளும் கவனித்ததில்லை.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு வேலையின்மையைத்தான் எல்லோரிடமும் காரணமாகச் சொன்னேன். 2015இல் திண்டுக்கல்லில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நான் இரண்டு வாரம் விடுப்பில் போனேன். மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். இரவில் அதைப் பிடுங்கிவிடுகிறார் என்று இடது கையைக் கட்டில் கம்பியோடு காஜ் துணியால் கட்டினார்கள். வராத கை சும்மா கிடந்தது, வரும் கையைக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் அந்தத் துணி பதிந்த வரி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படித்தான் செய்வார்கள் போல என்று நினைத்தேன்.

எங்கள் வகுப்பில் மூன்றாவது வாரம் சட்டப் பாடம் வந்தது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். முதியோர் இல்லங்களில் கட்டிப்போடுவது சாதாரணம், வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் எதுவும் கிடையாது. 1986இல் மருத்துவ நிபுணர்கள் குழு ஒன்று இந்த இல்லங்களின் தரத்தைப் பற்றிக் கடுமையான அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடம் 1987 டிசம்பரில், ரீகன் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டத்துக்குள் முதியோர் இல்லச் சீர்திருத்தமும் சேர்ந்து வந்தது. நர்சிங் அசிஸ்டெண்டுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, ஆளைத் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரப் பாடம், அப்புறம் தேர்வு, பதிவேட்டில் பெயர். ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டிவைக்கக் கூடாது. வாஷிங்டன் மாநிலம் அந்த 75க்கு மேலும் கேட்கிறது. பதினோரு வாரமா என்று நான் கேட்டதற்குப் பதில் அந்தச் சட்டத்தில் இருந்தது. அன்றைக்கு மகளை ஏற்றிக்கொண்டு வரும்போது அவள் ஏதேதோ கேட்டாள், நான் 'ம்' மட்டும் போட்டேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஏஜென்சி மூலம் பையன் ஒருவனை வைத்தோம். 'ஹோம் நர்ஸ்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதற்கு முந்தின மாதம்வரை அவன் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்த்தவன். தங்கமான பையன். யாரும் அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவான், அப்பா வலியில் முகத்தைச் சுளிப்பார். ஊரில் இதற்கெல்லாம் பயிற்சியே கிடையாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன், அது தப்பு. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் மாதிரியை வைத்து 1995இல் பாண்டிச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை விட்டவர்களை மனதில் வைத்து அதை நாடெங்கும் கொண்டுபோனதில் சென்னையைச் சேர்ந்த சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளிக்கு உதவும் வேலைக்கான படிப்பும் அவற்றில் இருந்திருக்கிறது. எங்கள் பையனுக்கு அது எட்டவில்லை, தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். வாசலில் யார் வந்தாலும் சட்டை போடாமல் பார்க்க மாட்டார். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் உட்கார்ந்த மனிதர். அவர் வீடு திரும்பிய பிறகு, விடுப்பு முடியும்வரை நான் பார்த்தது அம்மா அவருக்குச் சட்டை மாட்டப் பட்ட பாட்டைத்தான். அவர் தானாகவே இடது கையை நீட்டி நுழைத்துக்கொள்வார். அப்புறம் விறைத்துக் கிடக்கும் வலது கையை மிச்சமிருக்கும் துணிக்குள் கொண்டுவர அம்மா இழுப்பாள், அவர் கத்துவார், தையல் பிரியும். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

ஐந்தாவது வாரம் உடை மாற்றும் பாடம். ஆசிரியை பொம்மையின் ஒரு கையில் நீல டேப் சுற்றி, "இது பலமில்லாத பக்கம்" என்றார். போடும்போது பலமில்லாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தன் கையைச் சட்டைக் கையின் வெளிமுனை வழியாக உள்ளே விட்டு, பொம்மையின் கையைக் கைகுலுக்குவது போலப் பிடித்து, துணியை அதன்மேல் மெதுவாக ஏற்றினார். பிறகு முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் நல்ல கை தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. எல்லோரும் அடுத்த பொம்மைக்குப் போய்விட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசி இரண்டு வாரம் ஒரு முதியோர் இல்லத்தில் நேரடிப் பயிற்சி. அங்கே பார்த்த ஆட்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது, 1996இல் வந்த ஒரு சட்டத்தை ஒட்டி அதற்கு விதிகள் இருக்கின்றன. அதனால் சட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, துளையில் மாட்டும் பட்டன் இல்லை, டிக் டிக்கென்று அழுத்தி மூடும் பட்டன். காலரில் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, கேட்டு, திரையை இழுத்து, அதை ஒருவருக்கு மாட்டிவிட்டேன். பலமில்லாத கை முதலில். கடைசி பட்டனை மட்டும் அவரே அழுத்திக்கொண்டார். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 'அவர்களால் முடிந்ததை நீங்கள் செய்துவிடாதீர்கள்' என்பதும் பாடத்தில் உண்டு, செய்வதற்குக் கஷ்டமான பாடம்.

அந்த இரண்டு வாரமும் எத்தியோப்பியப் பாட்டிதான் ராணி. வகுப்பில் ஆங்கிலச் சொற்களுக்குத் தடுமாறியவர், இல்லத்துக்குள் நுழைந்ததும் வேறு ஆள். யாரை எப்படித் திருப்புவது, யாருக்குப் பேச்சு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. தேர்வில் முதல் முறையே தேறிவிட்டார்.

படிப்பைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்லூரிகள் எல்லாமே ஒரு ஏணிப் படத்தை மாட்டி வைத்திருக்கும். கீழ்ப்படியில் நர்சிங் அசிஸ்டெண்ட், அதற்கு மேல் எல்.பி.என். என்ற இடைநிலை நர்ஸ், அதற்கு மேல் ஆர்.என். என்ற பதிவுபெற்ற நர்ஸ். ஏணி உண்மைதான். 1951இல் மில்ட்ரெட் மான்டாக் என்ற பெண்மணி, போருக்குப் பிறகு வந்த நர்ஸ் தட்டுப்பாட்டுக்கு இரண்டு வருடப் படிப்பு போதும் என்று தன் ஆய்வில் எழுதினார். அடுத்த வருடமே சில ஜூனியர் கல்லூரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் கம்யூனிட்டி காலேஜில் படித்தவரும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வுதான். ஆனால் படிக்குப் படி உள்ள இடைவெளியைப் படத்தில் போடுவதில்லை. உடற்கூறு, நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் எல்லாம் முடித்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். இடங்கள் குறைவு. பாடம் நடத்த முதுகலை முடித்த நர்ஸ் வேண்டும், அவருக்கு மருத்துவமனையே கல்லூரியைவிட நல்ல சம்பளம் தரும்போது யார் வருவார்? பயிற்சிக்கு மருத்துவமனைப் படுக்கையும் கிடைக்க வேண்டும். கீழ்ப்படியில் நிற்பவருக்கு மணிக்கு இருபத்துச் சொச்சம் டாலர், முதுகு வலி, இரவு ஷிஃப்ட். இவற்றோடு ஒருவர் வேதியியலும் படிக்க வேண்டும் என்றால் அது லேசான காரியம் இல்லை. உக்ரைன் அம்மா படிப்பார், அவர் முகத்தில் அது எழுதியிருக்கிறது. பாட்டி கீழ்ப்படியிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு செப்டம்பரில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது, பழையபடி மென்பொருள்தான். சனிக்கிழமை மட்டும் ஒரு இல்லத்துக்குப் போகிறேன், காலை ஆறிலிருந்து இரண்டு வரை. வாட்ஸ்அப் நண்பர் இப்போது 'டாக்டர் சார்' என்று கூப்பிடுகிறார்.

அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், எழுபத்தெட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டம் போட்ட சட்டையை, நீல டேப்பை, எந்தக் கை முதலில் என்பதை. அப்பாவுக்கு நாம் அதைத் தப்பாகச் செய்தோம்மா, அதுதான் அவருக்கு அப்படி வலித்தது என்று சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அதா? அது எனக்கு ரெண்டு மாசத்துலயே பிடிபட்டுருச்சேடா. வராத கைய மொதல்ல நுழைச்சுட்டா மத்தது சுளுவா வந்துரும்னு. அந்தப் பையனுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நீ அதுக்குள்ள ஊருக்குப் போயிட்ட."

நான் ஒன்றும் பேசவில்லை.

"இதுக்கு அங்க எவ்வளவு குடுக்குறாங்க?"

"மணிக்கு இருபத்திரண்டு டாலர்மா."

உதடு அசைந்தது, எண்பத்திரண்டால் பெருக்குகிறாள் என்று தெரிந்தது. விடை வந்ததும் புருவம் மேலே போனது.

"மூணு வருஷம், ராவும் பகலும்" என்றாள். "அப்ப எனக்கு அரியர்ஸே நெறைய வரணும் போலயே."

குக்கர் விசில் அடித்தது. போனை மேஜையிலேயே சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.